பனியிலும் கொதித்த எஞ்சின்கள்

பனியில் ஓடுகிற வண்டிக்கு எஞ்சினைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு எதற்கு, சுற்றிலும்தான் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போல் இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பனிவண்டிகளின் நூற்றாண்டுச் சரித்திரத்தைப் புரட்டினால், அவற்றைச் செய்தவர்களை அதிகம் தொல்லைப்படுத்தியது குளிர் அல்ல, சூடு. அந்தச் சூட்டை அடக்கப் பழகிய பிறகு, இப்போது பனி பைக் என்று ஒன்று வந்து கதையைத் தலைகீழாக்கியிருக்கிறது. அதில் எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்கிறது.

முதலில் விஷயத்தின் அடிப்படை. பெட்ரோல் எஞ்சினில் நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பகுதியை எஞ்சினின் உடம்பிலிருந்து எப்படியாவது இறக்கியாக வேண்டும். புல்லட் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இரும்புத் தகடுகள் மாதிரி இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றில் பட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். வண்டி ஓடினால்தான் காற்று. இந்தச் சின்ன நிபந்தனைதான் 1911-ல் அண்டார்டிகாவில் காலை வாரியது.

ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்குப் போன கதை பள்ளிப் புத்தகங்களில் வந்த கதை. குதிரைகளையும் நாய்களையும் கொண்டுபோனதைச் சொல்லுவார்கள். மூன்று மோட்டார் சறுக்குவண்டிகளையும் கொண்டுபோனார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் அந்தக் காலத்து ஆயிரம் பவுன் பெறும். பர்மிங்ஹாமில் உல்ஸ்லி கம்பெனியில் செய்தது. சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் ஓடும் பட்டைச் சங்கிலி. நடுவில் நாலு சிலிண்டர் எஞ்சின். உலகத்தில் பட்டைச் சங்கிலியில் ஓடும் வண்டியே அரிதாக இருந்த காலம் அது. போர்க்களத்து டாங்கி வருவதற்கு ஐந்து வருடம் முந்தி.

இந்த வண்டிக்கு ஒரு பிரெஞ்சு முகவரியும் உண்டு. 1908-ல் இதன் ஆரம்பப் பரிசோதனை நடந்தது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்துக்கு மேல் 2000 மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் உள்ள லோத்தாரே கணவாயில். ஸ்காட்டோடு அங்கே இருந்தவர் ழான்-பதிஸ்த் ஷார்கோ. நரம்பு வைத்தியத்தில் உலகப் பெயர் பெற்ற டாக்டர் ஷார்கோவின் மகன், தானும் டாக்டர், ஆனால் மனம் முழுக்கத் துருவக் கடலில். தன் கப்பலுக்கு "பூர்க்குவா பா?", அதாவது "ஏன் கூடாது?" என்று பெயர் வைத்த மனிதர். அவரும் தெ தியோன்-பூத்தோன் கம்பெனியின் மோட்டார் சறுக்குவண்டிகளோடு அண்டார்டிகா போனார். போட்டி போட வேண்டிய இரண்டு தேசத்தார் ஒரே மலையில் ஒருவர் இயந்திரத்தை ஒருவர் பார்த்துக் குறைநிறை சொல்லிக்கொண்டது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். ஸ்காட் இறந்த பிறகு லோத்தாரேயில் அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள்.

மாதிரிப் பரிசோதனை ஆல்ப்ஸில், பிறகு 1910-ல் நார்வேயில். இரண்டு இடத்திலும் வண்டி நகர்ந்தது. ஆனால் நாள் முழுவதும், வாரக்கணக்கில், பாரம் இழுத்துக்கொண்டு போகும் பரிசோதனை அங்கே நடக்கவில்லை. அது அண்டார்டிகாவிலேயே நடந்தது.

மூன்றில் ஒன்று ஓடவேயில்லை. 1911 ஜனவரி 8-ஆம் தேதி கப்பலிலிருந்து இறக்கும்போது கடல் பனிக்கட்டி உடைந்து, வண்டி அப்படியே கடலுக்குள் போய்விட்டது. மீதி இரண்டும் அக்டோபர் 24-ஆம் தேதி கேப் எவன்ஸ் முகாமிலிருந்து புறப்பட்டன. கூடப் போனவர்கள் நாலு பேர்: லெப்டினன்ட் எட்வர்ட் எவன்ஸ், மெக்கானிக் பெர்னார்ட் டே, கப்பலில் கொதிகலன் பார்க்கும் வில்லியம் லாஷ்லி, பிறகு ஹூப்பர். சாமான் மூட்டைகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய், குதிரைகளோடு பின்னால் வரும் ஸ்காட்டுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

எஞ்சின் காற்றுக் குளிர்விப்பு. தண்ணீர் ரேடியேட்டர் வைத்தால் ராத்திரியில் உறைந்து வெடிக்கும் என்பதால் அதைத் தவிர்த்தது புத்திசாலித்தனமாகவே தோன்றும். இதற்கு முன் 1908-ல் ஷாக்கில்டன் அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோன அரோல்-ஜான்ஸ்டன் காரும் காற்றுக் குளிர்விப்புதான். அதைப் பார்த்துக்கொண்டவரும் இதே டே. ஆனால் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகிறது. இழுக்கும் பாரமோ பெரியது. காலடியில் உதிரிப் பனி. எதிர்க்காற்றே கிடையாது. எஞ்சின் முழு மூச்சில் வேலை செய்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு போக யாரும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கொதித்துவிடும். நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆறவிட்டால் கார்புரேட்டர் குளிர்ந்து விறைத்துவிடும். பிறகு அதைச் சூடாக்கினால்தான் எஞ்சின் மறுபடி கிளம்பும். ஒரே இயந்திரத்தில் ஒரு முனை காய்ச்சல், ஒரு முனை ஜன்னி.

அதிகச் சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் உலோகத்தைக் காப்பாற்றாது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை உடைந்தது. டே அந்தக் குளிரில், வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் நிலையில், ஒரு முறை பழுதும் பார்த்தார். முதல் வண்டியைச் சில நாட்களில் விட்டார்கள். இரண்டாவதை நவம்பர் 1-ஆம் தேதி விட்டார்கள். சுமார் 80 கிலோமீட்டர்; அத்தோடு மோட்டார் கதை முடிந்தது. பின்னால் வந்த ஸ்காட் கைவிடப்பட்ட வண்டியைப் பார்த்தார். எஞ்சின் இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதாக இல்லை, அது திருத்தக்கூடிய குறைதான், பட்டைச் சங்கிலியில் நகரும் முறை சரியானது என்று நிரூபணமாகிவிட்டது என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதினார். தன் ஏமாற்றத்துக்கு நடுவிலும் அவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறார். பின்னால் வந்த பனிவண்டிகள் எல்லாம் அந்தத் தீர்ப்பின்படியே வந்தன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் கழித்தவனுக்கு இது சட்டென்று புரியும். இந்த வண்டியை வடிவமைப்பதில் பெரும் பங்கு ரெஜினால்ட் ஸ்கெல்டன் என்ற கடற்படை எஞ்சினியருக்கு உண்டு. ஸ்காட்டின் முதல் பயணத்திலும் கூடப் போனவர். இந்த முறையும் வரத் தயாராக இருந்தார். அவர் ஏன் போகவில்லை? பதவி வரிசை. ஸ்கெல்டன் பதவியில் கமாண்டர் தரம். பயணத்தில் ஸ்காட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த எவன்ஸோ லெப்டினன்ட். தன்னைவிட மூத்த தரத்தவர் தனக்குக் கீழே எப்படி வேலை செய்வது என்று எவன்ஸ் ஆட்சேபித்தார். ஸ்காட் இறங்கிப்போனார். இயந்திரத்தின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த ஆள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். சீனியாரிட்டி லிஸ்டால் வேலை கெட்டதை நாம் பார்க்காததா? ஆனால் நம் அலுவலகத்தில் ஒரு பேருக்கு இன்க்ரிமென்ட் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஸ்கெல்டன் பின்னால் பிரிட்டிஷ் கடற்படைக்கே தலைமை எஞ்சினியர் ஆனார்.

அந்த ஆட்சேபத்தின் விலையில் ஒரு பகுதியை எவன்ஸே கொடுத்தார். மோட்டார் நின்ற நவம்பர் 1 முதல் அந்த நாலு பேரும் தோளில் வார்ப்பட்டை மாட்டிக்கொண்டு சாமானைத் தாங்களே இழுத்தார்கள். மற்றவர்கள் குதிரைகளை நடத்திக்கொண்டு வந்தபோது இவர்கள் தாங்களே குதிரைகளாக இருந்தார்கள். டேயும் ஹூப்பரும் அந்த மாதக் கடைசியில் திரும்பிவிட்டார்கள். எவன்ஸும் லாஷ்லியும் மேலும் மேலும் போய், 1912 ஜனவரி 4-ஆம் தேதிதான் டாம் கிரீனோடு சேர்ந்து ஸ்காட்டிடம் விடைபெற்றுத் திரும்பினார்கள். வழியில் எவன்ஸுக்கு ஸ்கர்வி நோய் முற்றியது. நிற்க முடியவில்லை. இருவரும் அவரைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்தார்கள். அதற்கும் முடியாமல் போனபோது லாஷ்லி கூடாரத்தில் அவரோடு இருந்துவிட, பிப்ரவரி 18-ஆம் தேதி கிரீன் தனியாக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நடந்து உதவி கொண்டுவந்தார். எவன்ஸ் பிழைத்தார். ஸ்காட்டும் கூட இருந்த நால்வரும் துருவத்திலிருந்து திரும்பி வரவேயில்லை. அந்தச் சாவுகளுக்கு மோட்டார்தான் காரணம் என்று சொல்வது அநியாயம், காரணங்கள் பல. ஆனால் இரண்டு மனிதர்களின் கால்களில் இருந்த தெம்பை அந்த எஞ்சின்களின் சூடு தின்றது என்று சொல்லலாம்.

அடுத்து அட்லாண்டிக்குக்கு அப்பால். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்னர் என்ற சிறிய ஊர். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த கார்ல் எலியாசனுக்குக் காலில் ஊனம். நண்பர்கள் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகும்போது அவர்களோடு நடக்க முடியவில்லை. 1924-ல் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் தனக்கென்று ஒரு மோட்டார் சறுக்குவண்டி செய்தார். எஞ்சின் எங்கிருந்து? படகுக்குப் பின்னால் மாட்டும் இரண்டரைக் குதிரைசக்தி ஜான்சன் மோட்டார். படகு மோட்டாருக்கு ஏரித் தண்ணீரே குளிர்விப்பு; உறிஞ்சி, சுற்றவிட்டு, வெளியே துப்பிவிடும். காட்டில் ஏரியை எங்கே சுமப்பது? பழைய ஃபோர்டு மாடல்-டி காரின் ரேடியேட்டரில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து மாட்டினார். பெரிய கம்பெனிக்குப் படாத பாடாக இருந்த பிரச்சினை, ஊனமுற்ற கடைக்காரரின் கொட்டகையில் தீர்ந்தது. அந்த முதல் வண்டி இன்றும் செய்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தண்ணீர் உறைந்து போகும் சங்கடத்துக்கும் இந்தக் காலத்தில்தான் விடிவு வந்தது. முன்பெல்லாம் ராத்திரியில் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார்கள். அல்லது சாராயம் கலப்பார்கள். சாராயம் எஞ்சின் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். 1850-களில் பிரெஞ்சு ரசாயன அறிஞர் அதோல்ஃப் வூர்ட்ஸ் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை உண்டாக்கினார். எழுபது வருடம் கழித்து அதுதான் ரேடியேட்டருக்குள் புகுந்தது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது, கொதிநிலையும் உயரும். நம் ஊர்க் காரில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் இதுவேதான். இங்கே உறையப்போவதில்லை, கொதிக்காமல் இருக்கவும் துருப்பிடிக்காமல் இருக்கவும் ஊற்றுகிறோம்.

கனடாவின் கெபெக் மாகாணம், வால்கூர் கிராமம். ஜோசப்-அர்மான் பொம்பார்தியே. நம் பத்திரிகைகள் 'பம்பார்டியர்' என்று எழுதும் அதே பெயர். டில்லி மெட்ரோவுக்கு ரயில் பெட்டிகள் கொடுத்த கம்பெனியின் ஆதி முதலாளி இவர். பிரெஞ்சு பேசும் கிராமத்துப் பையன். 15 வயதில் ஃபோர்டு எஞ்சினும் விமான விசிறியும் வைத்துப் பனிவண்டி ஓட்டி, அப்பா அதைப் பிரித்துப்போடச் சொன்ன கதை பிரசித்தம். 1934-ஆம் வருடக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் வெடித்து இறந்தான். ஆஸ்பத்திரி இருந்தது, போகப் பாதை இல்லை, பனி மூடியிருந்தது. அதன் பிறகு அவர் முடித்த பட்டைச் சங்கிலி முறைக்கு 1937-ல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் வண்டியில் டாக்டர்களும் தபால்காரர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் பனிக்காலத்தில் போய்வந்தார்கள். பிரெஞ்சில் அதை 'ஓத்தோநேஜ்', அதாவது பனிக்கார் என்பார்கள்.

ஆனால் அவருடைய ஆசை ஒருவர், இருவர் போகும் சின்ன வண்டி. அதற்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். காரணம் எஞ்சினின் கனம். கார் எஞ்சின், அதன் ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் சின்ன வண்டி பனிக்குள் புதைந்துவிடும். 1950-களின் கடைசியில் காற்றால் குளிரும் இலேசான சின்ன எஞ்சின்கள் கிடைக்க ஆரம்பித்தபோதுதான் வழி பிறந்தது. 1959-ல் ஸ்கி-டூ வந்தது. ஒரே சிலிண்டர், ஏழு குதிரைசக்தி, கோலர் எஞ்சின். ஸ்காட்டை ஏமாற்றிய அதே காற்றுக் குளிர்விப்பு. இந்த முறை ஏமாற்றவில்லை. வண்டி இலேசு, இழுக்கும் பாரம் குறைவு, காற்று படும் அளவுக்கு வேகமும் உண்டு. 1959 வசந்தத்தில் மாதிரி வண்டியை ஒன்டாரியோவின் வடக்கே இருந்த தன் நண்பரான பாதிரியாரிடம் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். அது வரை நாய் வண்டியில் போய்வந்த பாதிரியார் அவர். பொம்பார்தியே 1964-ல் 56 வயதில் இறந்தார்.

பிறகு வேக ஆசை வந்தது. இரண்டு சிலிண்டர், மூன்று சிலிண்டர். எஞ்சினை மூடி வைத்து உள்ளே விசிறி சுற்றவிட்டார்கள். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும்: பக்கவாட்டு மூடிக்குள் ஒரு விசிறி, காற்றைச் சிலிண்டர் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றாலும் விசிறி நிற்காது. அதுவும் போதாமல் 1970-களில் திரவக் குளிர்விப்புக்கு வந்தார்கள். அப்போதுதான், எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிற காரியத்தைச் செய்தார்கள். ரேடியேட்டரைக் காற்றில் வைக்காமல் பனியிலேயே வைத்தார்கள்.

வண்டியின் பட்டைச் சங்கிலிக்கு மேலே ஒரு அலுமினியக் கூரை உண்டு. அதன் உட்புறத்தில் கூலன்ட் ஓடும் தட்டைக் குழாய்களைப் பதித்தார்கள். சங்கிலி சுற்றும்போது பனியை வாரி மேலே இறைக்கும். அது சூடான அலுமினியத்தில் பட்டு உருகி வழியும். பனி உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் குடிக்கும் தெரியுமா? பூஜ்யம் டிகிரிப் பனி, பூஜ்யம் டிகிரித் தண்ணீராக மாறுவதற்கு மட்டும், அதே அளவு தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் வேண்டும். ஆகவே கைப்பிடி கைப்பிடியாகப் பனி போதும். ஸ்காட்டின் வண்டி எந்தப் பனியில் நின்று கொதித்ததோ, அந்தப் பனியே கடைசியில் மருந்தானது. இதிலும் ஒரு பத்தியம் உண்டு. கெட்டியாக உறைந்த பாதையில் உதிரிப் பனி கிடைக்காது, எஞ்சின் சூடேறிவிடும். அதற்காக நுனி வளைந்த ஒரு எஃகுக் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். அது தரையைப் பிராண்டிக்கொண்டே போய்ப் பனித்துகளைக் கிளப்பிச் சங்கிலிக்கு ஊட்டும்.

இனி பனி பைக். மேடுபள்ளத்தில் பந்தயம் ஓட்டும் மோட்டார் சைக்கிளை எடுத்து, முன்சக்கரத்துக்குப் பதில் ஒற்றைச் சறுக்குக் கட்டையும் பின்சக்கரத்துக்குப் பதில் பட்டைச் சங்கிலியும் மாட்டுவது. ஐடஹோ மாநிலத்தில் சாண்ட்பாயின்ட் ஊரின் டிம்பர்ஸ்லெட் கம்பெனி இதை மலைப் பனிக்கு ஏற்றபடி செய்து பிரபலமாக்கியது. 2015-ல் பொலாரிஸ் அதை வாங்கியது. இங்கே எஞ்சின் கோடைக்காகப் பிறந்தது. பெட்ரோல் டேங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு ரேடியேட்டர். பல பந்தய பைக்குகளில் தெர்மோஸ்டாட்டே கிடையாது; புழுதியில், வெயிலில் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது என்ற கணக்கு. அதே ரேடியேட்டர் மேல் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக் காற்றும் பனித்தூளும் மோதினால் என்ன ஆகும்? எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் இன்னும் விடியற்காலைக் குளிரில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊட்டும். எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்கும். உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் படிந்து, எண்ணெய் மோர் கடைந்தாற்போல் வெளுத்துவிடும். எஞ்சின் மூச்சுவிடும் குழாயின் நுனியில் அந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், உள் அழுத்தம் எண்ணெய் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

அதனால் இந்த பைக்குக்குக் குளிர்விப்பு அமைப்பை மேம்படுத்துவது என்றால் பாதி வேலை குளிர்விப்பைக் குறைப்பதுதான். ரேடியேட்டருக்கு முன்னால் மறைப்பு கட்டுவார்கள். ஹோஸ் குழாயின் நடுவே தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்ப்பார்கள். உள்ளே இருக்கும் மெழுகு எழுபது எண்பது டிகிரியில் இளகி விரிந்தால்தான் ரேடியேட்டருக்குப் போகும் கதவு திறக்கும். அதுவரை கூலன்ட் குறுக்குக் குழாய் வழியாக எஞ்சினையே சுற்றிச் சுற்றி வரும். குறுக்குக் குழாய் இல்லாமல் தெர்மோஸ்டாட் மட்டும் வைப்பது அரைகுறை வேலை என்பது என் அபிப்பிராயம். கதவு திறந்ததும் ரேடியேட்டரில் தேங்கியிருந்த பனிக்கட்டிக் குளிர் மொத்தமாகச் சூடான சிலிண்டருக்குள் பாய்ந்து, சிலிண்டர் சட்டென்று சுருங்கும். உள்ளே பிஸ்டன் இன்னும் விரிந்தபடியே இருக்கும். இரண்டும் கவ்விக்கொள்ளும். ஸ்கி-டூ காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல இந்த விதத்தில் போயிருக்கின்றன. குறுக்குக் குழாய் இருந்தால் கலந்து கலந்து, பதமாகப் போகும்.

மார்ச், ஏப்ரலில் பனி ஈரமாகிக் கனத்துவிடும். செங்குத்து மலையில் மெதுவாக, முழு விசையில் ஏற வேண்டியிருக்கும். 1911-ன் நிலைமை அப்படியே திரும்பி வரும்: பாரம் அதிகம், வேகம் இல்லை, காற்று இல்லை. அப்போது மறைப்பை அவிழ்த்துவிட்டு, சிலர் ரேடியேட்டருக்குப் பின்னால் சின்ன மின்விசிறியும் பொருத்துகிறார்கள். கைப்பிடிக்கு நடுவே ஒரு வெப்பமானி இருக்கும். ஓட்டுகிறவர் மலையைப் பாதி, அதைப் பாதி பார்த்துக்கொண்டு போவார்.

ரஷ்யாவில் ஜார் மன்னரின் கார்களைப் பனியில் ஓடவைத்து, பிறகு சித்ரோயனிடம் வந்துசேர்ந்த அதோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரரை இங்கே விட்டுவிட்டேன். அவருடைய கதை சஹாரா பாலைவனம் வரை போகிறது. தனியாக எழுதுகிறேன்.